எஃகு வடத்தை இறக்கி இழைக்கயிறு ஏற்றிய கதை: ஒரு கிளைடர் வின்ச் வேலை

எங்கள் கிளைடிங் கிளப்பில், கிளைடரை இழுத்து மேலேற்றும் இயந்திரமான வின்ச்சில் இருந்த எஃகு வடத்தைக் கழற்றிவிட்டு டைனீமா என்ற செயற்கை இழைக் கயிறு போட்டோம். கேள்விப்பட்டவர்கள் எல்லாரும் "கயிறு மாத்துறதுக்கு ஒரு குளிர்காலம் முழுக்கவா?" என்றுதான் கேட்கிறார்கள். கயிற்றை மாற்ற ஒரு பகல் போதும். அந்தக் கயிறு எதையெல்லாம் தொடுகிறதோ அதையெல்லாம் மாற்றுவதில்தான் குளிர்காலம் போனது. ரோலர், கத்தி, டிரம், புல்தரை, கடைசியில் வின்ச் ஓட்டுபவரின் வலது கால் வரை. இதே வேலையில் இறங்க நினைப்பவர்கள் கயிற்றின் விலையை மட்டும் பார்த்துவிட்டு முடிவெடுக்கக் கூடாது என்பதற்காகவே இதை விவரமாக எழுதுகிறேன்.

இடம், தென்னாப்பிரிக்காவின் ஃப்ரீ ஸ்டேட் மாகாணத்தின் வடகோடி. ஜோகன்னஸ்பர்க்கிலிருந்து தெற்கே வந்து வால் ஆற்றைத் தாண்டினால் இரு பக்கமும் மக்காச்சோளமும் சூரியகாந்தியும்தான். ஒரு ஆஃப்ரிக்கானர் விவசாயி தன் மேய்ச்சல் நிலத்தில் ஒதுக்கிக் கொடுத்த நீளத் துண்டு எங்கள் விமானத்தளம். 1,200 மீட்டரைச் சற்றே தாண்டும் புல் ஓடுதளம், ஒரு தகர ஹேங்கர், காற்றுப்பை, தண்ணீர்த் தொட்டி, வெள்ளையடித்த பழைய டயர்கள் எல்லைக் குறிகளாக. அவ்வளவுதான். உறுப்பினர்களில் தமிழர்கள் நாலைந்து பேர். மிட்ராண்டில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கும் இருவர், யாழ்ப்பாணத்திலிருந்து வந்த ஒரு கணக்காளர், வால் கரையோர ஆலை ஒன்றில் பராமரிப்புப் பொறியாளனாக இருக்கும் நான். உறுப்பினராக இல்லாமலே எங்களில் மிக முக்கியமான ஆள் ஒருவர் உண்டு. அவரைப் பற்றி அப்புறம்.

கிளைடரைப் பார்த்திராதவர்களுக்காகக் கொஞ்சம். எஞ்சின் இல்லாத விமானம். எங்களிடம் இருக்கும் முக்கியமான வண்டி ஏஎஸ்கே 21. 1979இல் முதலில் பறந்த ஜெர்மன் தயாரிப்பு, கண்ணாடி இழை உடல், 17 மீட்டர் இறக்கை, முன்னும் பின்னுமாக இரண்டு இருக்கை. ஓடுதளத்தின் ஒரு முனையில் கிளைடர் நிற்கும், மறுமுனையில் வின்ச் நிற்கும். நடுவில் கயிறு. வின்ச் கயிற்றைச் சுருட்ட, கிளைடர் பட்டம் போல எழும்பி, ஏறக்குறைய வின்ச்சுக்கு நேர் மேலே வந்ததும் கொக்கியை விடுவிக்கும். முழுக்க அரை நிமிடத்துக்குச் சற்று அதிகம். கயிற்று நீளத்தில் மூன்றில் ஒரு பங்கு உயரம் கிடைத்தால் சரி என்பது பொதுக் கணக்கு. எங்களுக்கு அது 400 மீட்டர். அங்கிருந்து வெப்பக் காற்றுத் தூணைத் தேடிப் பிடிப்பது பைலட்டின் பாடு.

இந்தப் பீடபூமி கிளைடருக்கென்றே அமைந்தது என்று சொல்வார்கள். 2001இல் உலகக் கிளைடிங் சாம்பியன்ஷிப் இங்கிருந்து மேற்கே மாஃபிகெங்கில் நடந்தது. பக்கத்துப் போட்செஃப்ஸ்ட்ரூம் நகரில்தான் ஜான்கர் சகோதரர்களின் பட்டறை இருக்கிறது. அவர்களுடைய ஜேஎஸ்1 கிளைடர் 2006 டிசம்பரில் முதன்முதலாகப் பறந்து, உலகப் போட்டிகளில் முன்வரிசைக்கு வந்த ரகங்களில் ஒன்று. அக்டோபர், நவம்பரில் மேகத்தின் அடித்தளம் கடல் மட்டத்திலிருந்து 4,000 மீட்டரைத் தாண்டும் நாட்கள் உண்டு. ஆனால் அந்த வெப்பத் தூணைப் பிடிக்க முதலில் போதுமான உயரம் வேண்டும். 350 மீட்டரில் கொக்கியை விட்டால் ஒரு சுற்று சுற்றிவிட்டு இறங்க வேண்டியதுதான். 400 கிடைத்தால் தேடிப் பார்க்க நேரம் கிடைக்கும். அந்த 50 மீட்டருக்காகத்தான் இவ்வளவும்.

உயரமான இடத்தில் வின்ச்சுக்கு இரட்டை அடி. தளமே கடல் மட்டத்துக்கு 1,400 மீட்டருக்கு மேல் இருக்கிறது. காற்று மெலிந்திருப்பதால் எங்கள் 5.7 லிட்டர் செவ்ரலே வி8 எஞ்சின், டர்பனில் கொடுக்கும் சக்தியில் ஏழில் ஒரு பங்கை இங்கே இழக்கிறது. அதே மெலிந்த காற்றினால், வேகமானி 100 காட்டும்போது கிளைடர் உண்மையில் 108, வெயில் நாளில் 112 வரை போய்க்கொண்டிருக்கும். அந்த உண்மை வேகத்துக்குத்தான் கயிற்றை இழுத்தாக வேண்டும். ஆக, குறைந்த சக்தியில் கூடுதல் வேகம். இதில் எஃகு வடத்தின் எடை வேறு. 5 மி.மீ. எஃகு வடம் ஒரு கிலோமீட்டருக்கு 90 கிலோவுக்கும் மேல். அதே தடிமனில் டைனீமா கயிறு ஏறக்குறைய 14 கிலோ. வடம் தன் எடையாலேயே தொய்ந்து, கிளைடரின் மூக்கைக் கீழே இழுத்துக்கொண்டே போகும். மேலே போகப் போக அந்த எடை முழுவதையும் கிளைடர்தான் தூக்குகிறது.

எஃகோடு வாழ்ந்த கஷ்டங்களையும் சொல்லிவிடுகிறேன். இழை ஒன்று அறுந்து நீட்டிக்கொண்டு நிற்கும், கையுறையைத் தாண்டிக் குத்தும். முறுக்கேறி முடிச்சு விழும். அறுந்தால் இரு முனைகளையும் சேர்த்து உலோகக் குப்பி போட்டு நசுக்க வேண்டும். அந்தக் குப்பி ரோலரில் ஒவ்வொரு தடவையும் "டக்" என்று இடிக்கும். ஒரு சனிக்கிழமை பறப்பதைவிட வடம் ஒட்டுவதிலேயே அதிக நேரம் போன காலம் இருந்தது.

ரோலரிலிருந்து தொடங்கினோம்

முன்பு சொன்ன அந்த முக்கியமான ஆளை, நாங்கள் மாமா என்று கூப்பிடுபவரைப் பற்றி இங்கே சொல்லியாக வேண்டும். டர்பனுக்கு வடக்கே கரும்பு ஆலைகளில் பாய்லர்மேக்கராக வாழ்நாள் முழுக்க வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். டர்பனின் சாட்ஸ்வொர்த்காரர். இப்போது மகளோடு ஜோகன்னஸ்பர்க் பக்கத்து லெனேசியாவில் இருக்கிறார். ஜோகன்னஸ்பர்க்கின் மெல்ரோஸ் சுப்பிரமணியர் கோயிலில் காவடி அன்று பழக்கமானவர். கொள்ளுத்தாத்தா காலத்தில் நேட்டாலுக்குக் கரும்பு வெட்ட வந்த குடும்பம். வீட்டுத் தமிழை இன்னும் விடவில்லை. கிளைடரில் ஏறச் சொன்னால் "எஞ்சின் இல்லாததுல நான் எதுக்குத் தம்பி ஏறணும்?" என்பார். ஆனால் வின்ச் என்றால் கண் மலர்ந்துவிடும். எஞ்சின், கியர், வெல்டிங் எல்லாம் அதில் இருக்கிறதே.

முதலில், கயிறு போகும் பாதை முழுவதையும் அவரோடு சேர்ந்து விரலால் தடவிப் பார்த்தேன். வின்ச்சின் முகப்பில் நாலு ரோலர் ஒரு கட்டமாக நிற்கும். கயிறு எந்தப் பக்கத்திலிருந்து வந்தாலும் ஏதாவது ஒரு ரோலரில் உருண்டு உள்ளே வரும். அதன் பின் கில்லட்டின், அதாவது அவசரக் கத்தி. அதன் பின் டிரம். எஃகு வடம் ஆண்டுக்கணக்கில் ஓடி ரோலர்களில் பள்ளம் வெட்டியிருந்தது. பள்ளத்தின் விளிம்பில் பிசிறு. எஃகுக்கு அது ஒரு பொருட்டே இல்லை. இழைக்கயிற்றுக்கு ஒவ்வொரு பிசிறும் ஒரு அரம்.

பிசிறு கண்ணுக்குத் தெரியாது. நல்ல வழி ஒன்று இருக்கிறது. பெண்கள் போடும் மெல்லிய நைலான் காலுறையைக் கையில் மாட்டிக்கொண்டு, கயிறு தொடக்கூடிய எல்லா இடத்தையும் தடவுங்கள். எங்கே நூல் மாட்டுகிறதோ அங்கே சாக்பீஸால் வட்டம் போடுங்கள். எங்கள் வின்ச் முகப்பு கடைசியில் கோலம் போட்ட வாசல் மாதிரி ஆகிவிட்டது. கயிறு நேராகப் போகும் இடம் மட்டும் போதாது. தளர்ந்து தொங்கும்போது எங்கே உரசும், அறுந்து சாட்டையாக வந்தால் எங்கே அடிக்கும், போல்ட் தலை, கூண்டின் ஓரம், மட்கார்டு எல்லாவற்றையும் பார்க்க வேண்டும்.

பள்ளம் விழுந்த ரோலரை லேத்தில் கடைந்து மறுபடி பயன்படுத்தலாமா என்று யோசித்தோம். வேண்டாம் என்று முடிவு செய்ததற்குக் காரணம் எடை. பழைய ரோலர்கள் கட்டி எஃகு. கிளம்பும் வேகத்துக்கு அவை உடனே சுழல ஆரம்பிப்பதில்லை, அந்தச் சில நொடிகள் கயிறு அவற்றின் மேல் வழுக்கிக்கொண்டு ஓடும். எஃகு வடத்துக்குக் கொஞ்சம் சூடு, அவ்வளவுதான். டைனீமா 150 டிகிரி செல்சியஸுக்குக் கீழேயே உருகிவிடும். அதற்கு வெகு முன்னாலேயே வலுவை இழக்கத் தொடங்கும். ஆகவே சற்றுப் பெரிய விட்டத்தில், உள்ளே குடைந்த அலுமினிய ரோலர்கள் செய்து, மூடிய பேரிங் போட்டோம். கையால் ஒரு தட்டு தட்டினால் நிற்காமல் சுற்ற வேண்டும். தட்டியும் மந்தமாக நின்றால் அந்த பேரிங் அன்றைக்கே மாறும் என்பது இப்போது காலைச் சோதனைப் பட்டியலில் இருக்கிறது.

எங்கள் வின்ச்சில் இரண்டு டிரம். ஒன்றை மட்டுமே மாற்றினோம். இரண்டுக்கும் தனித்தனி ரோலர் கட்டம் இருந்தது அதிர்ஷ்டம். ஒரே ரோலரில் எஃகையும் இழையையும் மாற்றி மாற்றி ஓட்டுவது மட்டும் கூடவே கூடாது.

டிரம்

அதிக வேலை இதில்தான். பலருக்குத் தெரியாத ஆபத்தும் இதில்தான்.

கிளைடர் மேலே ஏறிக்கொண்டிருக்கும்போது கயிறு சும்மா சுருட்டப்படுவதில்லை. பல நூறு கிலோ இழுவையோடு, ஒரு சுற்றின் மேல் இன்னொரு சுற்றாக இறுகுகிறது. எஃகு வடம் விறைப்பானது, அடுக்கின் மேல் அடுக்காக உட்காரும். இழைக்கயிறு மெத்தென்று தட்டையாகி, கீழே இருக்கும் இரண்டு சுற்றுகளுக்கு நடுவே ஆப்பு மாதிரி இறங்கப் பார்க்கும். அதோடு அது வழுவழுப்பானது, உராய்ந்து நிற்காது. அந்த நெருக்கம் முழுவதும் பக்கவாட்டில் போய் டிரம்மின் இரண்டு தட்டுகளையும் வெளியே தள்ளுகிறது. நடுக் குழாயையும் நசுக்குகிறது. எஃகுக்காகச் செய்த டிரம் இழைக்கயிற்றில் பிளந்துபோவது நடக்கக்கூடிய விஷயம்.

எங்கள் டிரம் முன்னொரு காலத்தில் ஏதோ ஒரு பண்ணைப் பட்டறையில் செய்தது. மாமா அதைக் கழற்றச் சொல்லி, கம்பி பிரஷ் போட்டு, பெயின்டை உரித்து, வெல்டிங் ஓரம் முழுக்கச் சிவப்புச் சாயம் தடவினார். கால் மணி நேரம் விட்டுத் துடைத்துவிட்டு வெள்ளைப் பொடி தெளித்தால், விரிசல் இருக்கும் இடத்தில் சாயம் மேலே ஊறி வந்து சிவப்புக் கோடு காட்டும். கோடு வந்தது. தட்டும் குழாயும் சேரும் இடத்தில், வெல்டிங்கின் அடி ஓரத்தை ஒட்டி, விரல் நீளத்துக்கு.

"இது எஃகுக்கே தாங்கியிருக்காது தம்பி, இன்னும் ரெண்டு சீசன்" என்றார். கயிறு மாற்றவே போகாதிருந்தாலும் இந்த ஒரு கோட்டைக் கண்டுபிடித்ததற்காகவே வேலை பயன்பட்டது என்று நினைக்கிறேன்.

விரிசலைக் கிரைண்டரால் அடிவரை தோண்டி எடுத்து, மறுபடி சாயம் போட்டு, முழுக்கப் போய்விட்டது என்று உறுதி செய்த பிறகுதான் வெல்டிங் ராடைக் கையில் எடுத்தார். 7018 ராடு. அது ஈரம் பட்டால் கெடும், ஆகவே அடுப்பில் காயவைத்து, சூடு ஆறும் முன்பே பயன்படுத்த வேண்டும். விரிசலை அடைத்த பின், ஒவ்வொரு தட்டின் வெளிப்பக்கமும் குழாயிலிருந்து விளிம்பு வரை ஆரக்கால் மாதிரி எட்டு முட்டுத் தகடுகள், 10 மி.மீ. தடிமனில். இவற்றை வரிசையாக ஒன்றன்பின் ஒன்றாகப் பற்றவைத்தால் தட்டு ஒரு பக்கமாக வளைந்துவிடும். மாமா ஒன்றை வைத்ததும் நேர் எதிரே உள்ளதை வைப்பார், அப்புறம் குறுக்கே. நடுநடுவே டீ. ஆறட்டும் என்பார், டீ ஆறுவதற்குள் குடித்துவிட்டு.

அது 2023. லோட் ஷெட்டிங் உச்சத்தில் இருந்த வருஷம். ஒரு நாளைக்குப் பல தடவை மின்சாரம் போகும். ஒரு வெல்டிங் பாதியில் நின்று ஆறிப்போனால் அது நல்லதல்ல. அட்டவணையைப் பார்த்து, மின்சாரம் இருக்கும் நேரத்துக்குள் முடியக்கூடிய துண்டை மட்டும் தொடங்குவது என்று வைத்துக்கொண்டோம். விவசாயியின் டீசல் ஜெனரேட்டர் கிடைத்த நாட்களில் வேலை வேகமாக ஓடியது. அந்த ஊம் (ஆஃப்ரிக்கானர் பெரியவர்களை இங்கே அப்படித்தான் கூப்பிடுவோம்) கேட்ட ஒரே கைமாறு, அவருடைய டிரெய்லரின் கொக்கியை மாமா ஒரு பார்வை பார்க்க வேண்டும் என்பது.

முடித்ததும் டிரம்மை பேரிங்கில் ஏற்றி, டயல் கேஜ் வைத்துச் சுற்றிப் பார்த்தோம். தட்டின் விளிம்பில் ஆட்டம் அரை மில்லிமீட்டருக்குள். உட்புறம் முழுவதையும் நயமான உப்புத்தாளால் தேய்த்து, காலுறைச் சோதனை மறுபடி. கயிற்றின் முதல் முனை உள்ளே நுழையும் துளையின் விளிம்பை விரல் நுனி போல உருட்டையாக்கினோம். கயிறு வழுக்கும் தன்மையுள்ளது என்பதால், எஃகுக்கு விட்டதைவிடக் கூடுதலான சுற்றுகள் எப்போதும் டிரம்மில் மிச்சம் இருக்க வேண்டும். கயிற்றில் அந்த இடத்தில் சிவப்பு மை அடையாளம் போட்டிருக்கிறோம். கயிற்றை விரித்துக்கொண்டு போகும்போது சிவப்பு தெரிந்தால் அங்கேயே நிறுத்து.

கத்தி

கிளைடரின் கொக்கி தானாக விடுபடும்படி அமைந்தது. கயிறு பின்பக்கமாக இழுத்தால் வளையம் கழன்றுவிடும். பைலட்டும் மஞ்சள் கைப்பிடியை இழுத்து விடுவிக்கலாம். இரண்டும் கைவிட்டால் வின்ச் ஓட்டுபவர் கத்தியை இறக்கிக் கயிற்றை வெட்ட வேண்டும். வாழ்க்கையில் ஒருமுறைகூடத் தேவைப்படாமல் போகலாம். தேவைப்படும் அன்று வெட்டியே ஆக வேண்டும்.

பழைய கத்தி கனமான ஸ்பிரிங்கில் இறங்கி எஃகு வடத்தை அடித்து நறுக்கும். வாய் மழுங்கலாக இருந்தாலும் அடியின் வேகத்திலேயே எஃகு நொறுங்கும். அதே கத்தியில் டைனீமா துண்டு ஒன்றை வைத்து இறக்கிப் பார்த்தோம். கயிறு மடிந்து, கத்திக்கும் பக்கச் சுவருக்கும் இடையே செருகிக்கொண்டு, சௌகரியமாக உட்கார்ந்திருந்தது. ஒரு இழைகூட அறவில்லை.

புதிய கத்தியைக் கருவி எஃகில் செய்து, கூர்தீட்டி, பக்க இடைவெளியைத் தகடு வைத்துக் குறைத்து, அடியில் கத்தி வந்து முட்டும் இடத்தைச் சமதளமாக்கினோம். சோதனையைத் தளர்ந்த கயிற்றிலும் செய்ய வேண்டும் என்பது முக்கியம். இறுகிய கயிறு கத்தி பட்டதுமே தானாகப் பிய்ந்துவிடும், அதைப் பார்த்து ஏமாந்துவிடக் கூடாது. தொங்கும் கயிறு விலகி ஓடப் பார்க்கும். அதையும் சுத்தமாக வெட்டிய பிறகே கத்திக்கு மூடி போட்டோம். தீட்டிய வாய் துருப்பிடிக்காமல் இருக்க மாதம் ஒரு முறை எண்ணெய்த் துணி.

சுற்றுவது, கோர்ப்பது

கயிறு பெரிய மரச் சுருளில் வந்தது. அதை அப்படியே வின்ச் டிரம்முக்கு மாற்றிவிடலாம் என்றுதான் யாருக்கும் தோன்றும். தளர்வாகச் சுற்றினால் முதல் இழுப்பிலேயே மேல் அடுக்கு கீழ் அடுக்குக்குள் புதைந்து, அடுத்த முறை விரிக்கும்போது மாட்டிக்கொண்டு வெடுக்கென்று நிற்கும். ஆகவே கயிறு முழுவதையும் ஓடுதளத்தில் நீட்டி, முனையைப் பக்கியில் கட்டி (இங்கே பிக்கப் வண்டிக்கு அதுதான் பேர்), பக்கி லேசாகப் பிரேக் பிடித்தபடி வின்ச்சை நோக்கி ஊர்ந்து வர, மெதுவாகச் சுற்றினோம். பக்கியை ஓட்டியது எங்கள் யாழ்ப்பாணத்துத் தோழி. கையில் ரேடியோவோடு, "அண்ணா, கயிறு தொய்யுது, இன்னும் கொஞ்சம் பிரேக் பிடிக்கட்டே?" என்று கேட்டுக்கேட்டு, சீராக ஓட்டிக் கொண்டுவந்து சேர்த்தார்.

இந்தக் கயிறு பன்னிரண்டு புரிகளைப் பின்னிச் செய்தது, நடுவில் கூடு. அறுந்தால் முடிச்சுப் போடக் கூடாது. வழுக்கும், வலுவில் பாதிக்கு மேல் போய்விடும். ஒரு முனையை மறுமுனையின் கூட்டுக்குள் நுழைத்துவிட வேண்டும். இழுக்க இழுக்க வெளிக்கூடு இறுகி உள்ளே இருப்பதைப் பிடித்துக்கொள்ளும். உள்ளே போக வேண்டிய நீளம் கயிற்றின் விட்டத்தைப் போல 72 மடங்கு என்பது வழக்கமான அளவு. 5 மி.மீ. கயிற்றுக்கு 36 செ.மீ. நுழைக்கும் முனையில் புரிகளை ஒன்றன்பின் ஒன்றாகக் கத்தரித்து எலிவால் மாதிரி மெலிய விட வேண்டும். மொட்டையாக விட்டால் அந்த இடத்தில் கயிறு திடீரென்று தடித்து, மறுபடி அங்கேதான் அறும். நுழைப்பதற்குக் கடையில் விற்கும் கருவியைவிட, மடித்த பியானோக் கம்பி நன்றாக வேலை செய்கிறது. கடைசியில் நழுவாமல் இருக்க நூலால் குறுக்கே சில தையல். கை பழகிவிட்டால் டீ போடும் நேரத்தில் முடிந்துவிடும்.

கயிற்றின் முன்முனைக்கு வருவோம். கயிறு முடிந்ததும் ஒரு சிறிய பாராசூட். விடுவித்த பின் கயிறு தலைகுப்புற விழாமல் இருக்க அது விரியும். அதன் பின் ரப்பர் குழாய் போர்த்திய தடித்த இணைப்பு, அதன் பின் பலவீன இணைப்பு, கடைசியில் கிளைடரின் கொக்கிக்குள் போகும் டோஸ்ட் நிறுவன வளையங்கள். பலவீன இணைப்பு என்பது அளவுக்கு மீறிய இழுவை வந்தால் தான் முறிந்து கிளைடரைக் காப்பாற்றும் தகடு. நிறத்தால் வலு தெரியும். கறுப்பு 1,000 டெகாநியூட்டன் (ஒரு டெகாநியூட்டன் ஏறக்குறைய ஒரு கிலோ எடையின் இழுவை), பழுப்பு 850, சிவப்பு 750, நீலம் 600, வெள்ளை 500. ஏஎஸ்கே 21க்குக் கறுப்பு. மற்ற வண்டிகளுக்கு அந்தந்தக் கையேடு சொல்லும் நிறம். கயிறு மாறியதால் இது மாறாது. புதுக் கயிறு 2,000 டெகாநியூட்டனுக்கு மேல் தாங்கும் என்பதைக் கேட்டுவிட்டு "அப்ப இதுவும் கொஞ்சம் பலமா போடலாமே" என்று ஒருவர் கேட்டார். கிளைடரின் உடல் பழைய உடல்தானே.

தரையும் காலும்

ஓடுதளத்தில் கயிறு விழுந்து, இழுபட்டு, மறுபடி விழுகிறது. எஃகு கல்லைத் தேய்க்கும். இழையைக் கல் தேய்க்கும். நடு ஓடுதளத்தில் சரளை தெரியும் திட்டு ஒன்று இருந்தது. மண் கொட்டிப் புல் பதித்தோம். டிராக்டருக்குப் பின்னால் ஸ்லாஷர் பூட்டிப் புல்லைக் கணுக்கால் உயரத்துக்கு வெட்டி, கல் பொறுக்கினோம். நெருஞ்சி இங்கேயும் நம் ஊர் மாதிரியே தரையோடு படர்கிறது. கயிற்றுக்கு அதனால் பெரிய கெடுதல் இல்லை, ஆனால் கயிற்றை இழுத்துப்போகும் பக்கியின் டயருக்கும் அதைப் பொறுக்கப் போனவர்களின் செருப்புக்கும் கேடு. எறும்புதின்னி தோண்டும் குழிகளை ஒவ்வொரு சனிக்கிழமை காலையும் நடந்து பார்த்து மூடுகிறோம். அது கயிறு வருவதற்கு முன்பும் இருந்த வேலை.

குளிர்காலத்தில் புல் காய்ந்து பொன்னிறமாக நிற்கும்போது காட்டுத்தீ பயம். ஓடுதளத்தைச் சுற்றி தீத்தடுப்புப் பட்டை எரித்து விடுவார்கள். எஃகு வடத்தின் மேல் தீ ஓடினாலும் துடைத்துவிட்டுப் பறக்கலாம். இழைக்கயிற்றின் மேல் ஒரு கங்கு விழுந்தால் அந்த இடம் போயிற்று. மாலையில் இறைச்சி சுடும் பிராய் அடுப்பு இப்போது வின்ச்சிலிருந்து வெகு தூரத்தில், ஹேங்கரின் மறுபக்கம். இதற்குத்தான் கிளப்பில் அதிக எதிர்ப்பு வந்தது.

காற்றும் ஒரு விஷயம். லேசான கயிறு என்பதால், குறுக்குக்காற்று அடித்தால் பாராசூட்டோடு வேலி தாண்டிப் பக்கத்து மக்காச்சோளத்துக்குள் போய் விழும். எஃகு நேராகத் தொப்பென்று விழுந்துவிடும். குறுக்குக்காற்றில் பைலட் காற்று வரும் பக்கமாகச் சாய்ந்தே ஏற வேண்டும், வின்ச்காரர் கயிறு விடுபட்டதும் தாமதிக்காமல் சுருட்ட வேண்டும்.

வின்ச் ஓட்டுபவரின் காலுக்கு வருகிறேன். எஃகு வடத்தைக் கிளப்ப ஆக்சிலரேட்டரை நன்றாக மிதிக்க வேண்டியிருந்தது, அதன் எடையே வேகத்தை மட்டுப்படுத்தும். அதே மிதியை இப்போது மிதித்தால் கிளைடர் எகிறும். தரையிலிருந்து கிளம்பும் அந்தச் சில நொடிகளில் மூக்கு திடீரென்று மேலே தூக்கினால் ஆபத்து. ஒரு இறக்கை தாழ்ந்து தரையைத் தொட்டாலும் ஆபத்து. ஆகவே பெடலுக்குக் கீழே நகர்த்தி வைக்கக்கூடிய ஒரு நிறுத்தக் கட்டை போட்டோம். ஏஎஸ்கே 21க்கு ஒரு துளை, ஒற்றை இருக்கை வண்டிகளுக்கு ஒரு துளை. பழைய ஓட்டுநர்கள் எல்லாரும், இருபது வருஷ அனுபவம் உள்ளவர்கள் உட்பட, பக்கத்தில் ஒருவரை வைத்துக்கொண்டு மறுபடி பழகினார்கள். சிலருக்கு முகம் சுருங்கியது. பரவாயில்லை.

பறந்து பார்த்தது

செப்டம்பரில் முதல் இழுப்பு, பயிற்றுநர் ஒருவரோடு மட்டும், காற்று அடங்கிய காலையில். வித்தியாசம் கிளம்பும்போதே தெரிந்தது என்றார். மூக்கைக் கீழே இழுக்கும் பாரம் இல்லை. எதிர்க்காற்று மிதமாக இருக்கும் நாளில் முன்பு 400 தொட்ட இடத்தில் இப்போது 450ஐ ஒட்டிப் போகிறது. பலமான எதிர்க்காற்றில் அதற்கும் மேல். பெட்ரோலும் குறைந்திருக்கிறது.

சில வார இறுதிகள் ஓடிய பின் கயிற்றின் மேல் மெல்லிய பஞ்சு மாதிரி நூல் எழும்பியது. அது பயப்பட வேண்டியதல்ல, மேல்நூல் தேய்ந்து ஒரு உறை போல நிற்கும். பயப்பட வேண்டியது வேறு. கயிற்றை விரலிடுக்கில் ஓட்டிப் பார்க்கும்போது ஓரிடத்தில் கண்ணாடி மாதிரி பளபளத்து விறைப்பாக இருந்தால், அங்கே சூடேறி உருகியிருக்கிறது. யோசிக்காமல் வெட்டி எறிந்துவிட்டு இரு முனைகளையும் கோர்த்துவிட வேண்டும். அப்படி ஒரு இடம் கிடைத்தது, பாராசூட்டுக்குச் சற்றுப் பின்னால், டயர் தடம் குறுக்கிடும் இடத்தில். அந்தத் தடத்தை இப்போது வேறு பக்கம் திருப்பிவிட்டோம். முன்முனையில் சில மீட்டருக்கு மட்டும் கூடுதலாக ஒரு உறைக்கயிறு போர்த்தியிருக்கிறோம், அதிகம் அடிபடுவது அங்கேதான்.

இன்னொன்று, கயிறு ஈரமானால் மின்சாரம் கடத்தும். இழைக்கயிறு என்ற தைரியத்தில் மேற்கே இடிமேகம் திரண்ட பிறகும் "ஒரே ஒரு லாஞ்ச்" என்று கேட்பவர்களுக்கு, முன்பு எஃகுக்கு இருந்த அதே பதில்தான்.

இரண்டாவது டிரம்மில் இன்னும் எஃகுதான் இருக்கிறது. அதிலும் சிவப்புச் சாயம் தடவிப் பார்த்தாயிற்று, விரிசல் இல்லை. முட்டுத் தகடுகளை மாமா ஏற்கெனவே வெட்டி, ஓரம் தேய்த்து, ஹேங்கரின் பின்சுவரில் அடுக்கி வைத்திருக்கிறார். ரோலர்களுக்கு அலுமினியக் கட்டை வாங்க வேண்டும், கயிற்றுக்குப் பணம் சேர வேண்டும். அதுவரை எஃகுப் பக்கத்தில் வேலை செய்பவர்கள் தடித்த கையுறையைக் கழற்ற வேண்டாம்.